ஷிஃப்டுக்குப் பக்கத்து அம்புக்குறி

சங்கரன்கோவில்
23 ஜூன் 2025

அக்கா,

வாட்ஸ்அப்பில் பிளாக். போனில் பிளாக். மெயிலை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதனால் இதில் எழுதுகிறேன். சண்டைக்கு இல்லை, வேலை விஷயம்.

ஒரு வாரமாக ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் பத்திரம் எழுதும் ஆபீஸில், உன் சீட்டில், உன் லேப்டாப்பில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய பத்திர ஃபைல் எல்லாம் இதில்தான் இருக்கிறது. “அந்தப் பெட்டியக் குடுக்கியா, நீயே வந்து உக்காருதியால” என்று கேட்டார். ஓசூர் காண்ட்ராக்ட் முடிந்து வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்து உட்கார்ந்துவிட்டேன். பி.இ. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ‘கிரையப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்’ என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்துக்கொள்.

முக்கியமான விஷயம் இது. ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் கழுகுமலையிலிருந்து இசக்கிசெல்வி என்று ஒரு பிள்ளை இந்த சீட்டுக்கு வருகிறாள், நிரந்தரமாக. அவள் உட்கார்ந்துவிட்டால் உன் சீட் போனது போனதுதான். திருப்பூரிலேயே இருந்துகொள்வதென்றால் சரி. இல்லை என்றால் இப்போதே அண்ணாச்சியிடம் பேசு.

அப்புறம் இந்தக் கீபோர்டு. எந்த மடையன் டிசைன் செய்தான்? வலது பக்க ஷிஃப்ட் விரல் நகம் அளவுக்கு ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் மேல் அம்புக்குறி. பேக்ஸ்பேஸுக்கு மேலே பவர் பட்டன், இரண்டு தடவை அணைத்துவிட்டேன். தமிழ் டைப்ரைட்டர் முறையில் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு வரி தாண்ட முடியுமா? இதில் எப்படி ஒரு வருஷம் அடித்தாய்?

வெற்றுப் பத்திர மாதிரிகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று சொல். சாப்பாடு எப்படி அங்கே?

லிங்கேஷ்


திருப்பூர்
26 ஜூன் 2025

சங்கரன்கோவில் டவுனில் வசிக்கும், பி.இ. படித்த லிங்கேஷ் அவர்களுக்கு, திருப்பூர் மகளிர் விடுதி மூன்றாம் மாடியில் தற்காலிகமாய் வசிக்கும் மேற்படியாரின் அக்காள் பொன்செல்வி எழுதிக் கொடுப்பது என்னவென்றால்:

மாதிரிகள் ‘அ’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. கிரையம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் தனித்தனியாக.

கீபோர்டை டிசைன் செய்த மடையன் யாரென்று எனக்குத் தெரியாது. அதைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவர் யாரென்று தெரியும். போன ஆகஸ்டில் ஓசூரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாய். பத்து நிமிஷம் அடித்துப் பார்த்துவிட்டு, “ஷிஃப்டுக்குப் போற விரலு அம்புக்குறியில விழுது தம்பி, வேற மாத்திக் குடுப்பாங்களா” என்று கேட்டேன். “ஒரு வாரத்துல பழகிரும். ராம் பதினாறு ஜிபி, அதப் பாரு” என்றாய். இப்போது உனக்கு ஒரு வாரம் ஆகிவிட்டதே. பழகியிருக்குமே.

சீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அந்த சீட் எப்படிப் போனது என்று உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். தறி ஓட்டும் தங்கப்பழம் அண்ணன் ஒரே பத்திரத்தில் வாங்கியது இரண்டு சொத்து, இரண்டு அயிட்டம். ஒன்று மெயின் ரோட்டு வீட்டு மனை. இரண்டாவது, ஊருக்குக் கீழ்ப்பக்கம் விற்றவரின் புன்செய்க் காட்டுக்குள் இருக்கும் தறிக்கூடம். தறிக்கூடத்துக்குப் போய்வரும் பாதை உரிமை இரண்டாவது அயிட்டத்தில் இருக்க வேண்டும். அச்சில் அது முதல் அயிட்டத்தில் இருந்தது. ரோட்டுமேல் இருக்கிற மனைக்குப் பாதை எதற்கு? பதிவாகி ஒரு மாதம் கழித்து விற்றவர் பாதையில் முள்ளை வெட்டிப் போட்ட பிறகுதான் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அடித்தவள் நான். அதை மறுக்கவில்லை. ஆனால் அம்மாவும் அண்ணாச்சியும் இருக்கும்போது “போனப் பாத்துக்கிட்டே அடிச்சிருப்பா” என்று சொன்னவன் நீ. அதற்குப் பிறகு அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “கொஞ்ச நாளு வீட்டுல இரும்மா” என்றார்.

சாம்பாரில் இங்கே சர்க்கரை போடுகிறார்கள்.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
30 ஜூன் 2025

அக்கா,

மாதிரி கிடைத்தது.

நான் சொன்னதை நீ இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். எல்லோரும் நினைத்ததை நான் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். அன்றைக்கு உன் கையில் போன் இருந்ததா இல்லையா? நான் இன்ஜினியர். ஒரு கோளாறு நடந்தால் காரணம் வேண்டும். ஒரு எழுத்து விட்டுப் போவது பிழை. பன்னிரண்டு வார்த்தை உள்ள ஒரு வாக்கியம் முழுசாக, ஒரு எழுத்துகூடச் சிதையாமல், மேல் வரியில் ஏறி உட்கார்வது என்ன கணக்கு? உன் கண் எங்கே இருந்தது? இதற்கு நீ பதில் சொன்னதே இல்லை. அழுதாய், பை தூக்கினாய், பஸ் ஏறினாய்.

தங்கப்பழம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறார். தறிக்கான பாவு நூல் ஏற்றின வண்டி தறிக்கூடத்துக்குப் போக முடியவில்லை. ஆள் வைத்துத் தலைச்சுமையாக வரப்பு வழியே கொண்டுபோகிறாராம். பிழைத்திருத்தல் பத்திரம் போட விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். “எழுதுனது எழுதுனதுதான்” என்று அவர் வீட்டைவிட்டே வர மாட்டேன் என்கிறார்.

இந்தக் கீபோர்டில் என் வேகம் பாதியாகிவிட்டது. எனக்கு இங்கே இருக்கவே பிடிக்கவில்லை. ஃபேன் காற்றுக்கு முத்திரைத்தாள் பறக்கிறது, வருகிறவனெல்லாம் “பொன்செல்வி எங்க” என்று கேட்கிறான். ஓசூரில் வேறு ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

காரணத்தைச் சொல்.

லிங்கேஷ்


திருப்பூர்
3 ஜூலை 2025

லிங்கேசு,

காரணம் எனக்குத் தெரியும். பிழை வெளியே வந்த அன்றைக்குச் சாயங்காலமே தெரியும். சொல்ல வாயெடுத்தேன். “மெஷின் மேல பழி போடாத” என்றாய். அதுவும் நீதான்.

போன் கையில் இருந்ததும் உண்மை. பதிவு ஆபீஸ் டோக்கன் நேரம் பார்த்தேன்.

இப்போது சொல்ல மாட்டேன். நீ அங்கேயே உட்கார்ந்து அடி. அவசரத்தில் அடி. ஆட்கள் சுற்றி நின்று “ஆச்சா, ஆச்சா” என்று கேட்கும்போது அடி.

எட்டு மாதம் ஆயிற்று எனக்கு, அந்தச் சுண்டுவிரலை ஒரு சாவி தள்ளி நீட்டப் பழக. பழகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இங்கே பனியன் கம்பெனியில் இருப்பது ஒழுங்கான கீபோர்டு. இருந்தும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கை ஒரு நொடி நின்று யோசிக்கிறது. சூப்பர்வைசர் ஏஞ்சல் மேடம், “என்ன பொன்செல்வி, சாமி கும்பிடுறீங்களா” என்று கேட்கிறார்.

இதைப் போனில் அடிக்கிறேன். இதில் அம்புக்குறி கிடையாது.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
9 ஜூலை 2025

அக்கா,

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். இரண்டு அயிட்டம், இரண்டும் ஒவ்வொரு வரி. பிரிண்ட் எடுக்கப்போகும் நேரத்தில் வாங்குகிறவர், “ரெண்டாவது நெலத்துக்குக் கெணத்துப் பங்கு உண்டுல்லா, அதச் சேத்துப் போடுங்க” என்றார். அண்ணாச்சி ஒரு துண்டுத்தாளில் எழுதி என் பக்கத்தில் வைத்தார். “டோக்கனுக்குக் கால் மணி நேரந்தாம்ல இருக்கு, சட்டுனு அடி” என்றார். இரண்டாவது வரியின் கடைசியில் கர்சரை வைத்தேன். கண் துண்டுத்தாளில். அடித்தேன். பிரிண்ட்.

அண்ணாச்சி பேப்பரை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார், வழக்கம்போல. “இரண்டாவது அயிட்டம்... கிணற்றில் பாதிப் பங்கும் உட்பட” என்று வாசித்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

பக்க எண் போட நான் தாளை வாங்கினேன். கிணற்றுப் பங்கு முதல் அயிட்டத்தில் இருந்தது.

மை பரவிவிட்டது என்று பொய் சொல்லி திருத்தி வேறு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அவர்கள் போனதும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். வாக்கியத்தின் முதல் எழுத்தே ஷிஃப்ட் எழுத்து. அவசரத்தில் விரல் பழைய இடத்துக்குப் போகிறது, நாம் டைப்பிங் படித்த இன்ஸ்டிடியூட் மெஷினில் ஷிஃப்ட் இருந்த இடத்துக்கு. அங்கே மேல் அம்புக்குறி. கர்சர் மேல் வரிக்குத் தாவுகிறது. மேல் வரி சின்னது என்பதால் நேராக அதன் கடைசியில் போய் நிற்கிறது. மீதி வாக்கியம் முழுக்க அங்கே ஒழுங்காக அடிபடுகிறது. முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் பிசகும், அதையும் திருத்தியிருக்கிறேன். எந்த வரியில் இருக்கிறேன் என்று பார்க்காமலே திருத்தியிருக்கிறேன். உனக்கும் இப்படித்தான் நடந்திருக்கும்.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரிசு. தாளில் இல்லாததை அண்ணாச்சி எப்படி வாசித்தார்? அவர் தாளைப் பார்க்கவே இல்லை, அக்கா. தான் எழுதிக் கொடுத்ததை மனசிலிருந்து ஒப்பிக்கிறார். தாள் சும்மா கையில் இருக்கிறது. அப்படியென்றால் தங்கப்பழம் பத்திரத்திலும் அதுதான். பாதி அவர் பிழை. உன்னை மட்டும் ஏன் வீட்டுக்கு அனுப்பினார்?

ஒரு நல்ல செய்தி. சாயங்காலம் சாஃப்ட்வேரில் அந்த அம்புக்குறியையே ஷிஃப்டாக மாற்றிவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. இனிமேல் பிரச்சினை இல்லை.

லிங்கேஷ்


திருப்பூர்
12 ஜூலை 2025

தம்பி,

உன் கடிதத்தைக் கம்பெனிப் படிக்கட்டில் நின்று படித்தேன். மணி அடித்தும் உள்ளே போகவில்லை.

அண்ணாச்சி ஒப்பிப்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அவர் வாயிலிருந்து வந்த ஒரு எல்லையும் பிசகியதில்லை. அந்த நம்பிக்கை அவருக்கு. எதிர்த்த பதிவு ஆபீஸ் வாசலில் ஏழு பேர் இதே வேலை செய்கிறார்கள். ‘ஆறுமுகச்சாமி தாளைப் பார்க்காமல் வாசிக்கிறார்’ என்று ஒருவன் சொன்னால் போதும், மறுநாள் அவர் மேசையில் ஈதான் உட்காரும். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. யோசிக்க யோசிக்க அவருக்கே தெரியும், அவரே ஒரு நாள் கூப்பிடுவார் என்று இருக்கிறேன். நீயும் அதைச் சொல்லாதே. யாரிடமும்.

தப்பு என்று என்னிடம் எழுதுவது உனக்குச் சுலபம். சொன்னது எங்கே? அண்ணாச்சி முன்னால். அவர் முன்னாலேயே திருப்பி எடு. அம்புக்குறியைக் காட்டு. அக்கா போனைப் பார்த்துக்கொண்டு அடிக்கவில்லை, விரல் தவறியது, அந்த மெஷினை வாங்கியது நான் என்று சொல். அந்த ஒன்று மட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

அம்புக்குறியைப் பழையபடி மாற்றி வை. யார் உன்னைக் கேட்டார்கள்? வாங்கும்போதும் கேட்கவில்லை, மாற்றும்போதும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை என்றால் நான் கேட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். இப்போது என் விரல் ஓரத்து ஷிஃப்டுக்குப் போகப் பழகியிருக்கிறது, மேல் வரியைச் சரிபார்க்க அந்த அம்புக்குறி எனக்கு வேண்டும். நான் திரும்பி வந்து உட்காரும்போது

இந்த வரியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். ஆமாம், எனக்கு அந்த சீட் வேண்டும். தபசுக்குள் வேண்டும். இங்கே பனியன் அளவுகளை அடித்து அடித்து என் தமிழ் மறந்துவிடும் போலிருக்கிறது.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
18 ஜூலை 2025

அக்கா,

கெடுத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்புக்குறியைப் பழையபடி மாற்றினேன். இன்று காலையில் கூட்டம் இல்லை. அண்ணாச்சியை லேப்டாப் பக்கம் கூப்பிட்டு நீ சொன்னபடியே சொன்னேன். வாங்கியது நான், அவள் சொன்னபோது கேட்காதது நான், போன் என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. அடித்தும் காட்டினேன். அவர் குனிந்து அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். “இத்தினிக்கூண்டு சாவியா” என்றார். முகம் இளகியது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்திருந்தால் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருப்பார்.

அப்போது தங்கப்பழம் வந்தார். பின்னால் அவர் சம்சாரம். “இன்னைக்கு ஒருத்தன் பாவோட வரப்புல விழுந்து காலு பிசகிட்டான். எப்பம்தான் முடிப்பீக” என்றார். அண்ணாச்சி அவரிடமும் அந்தச் சாவியைக் காட்டி, அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை என்று சொன்னார். நல்லபடியாகத்தான் போனது.

தங்கப்பழம் தலையாட்டினார். பிறகு, “அது சரி அண்ணாச்சி. நீங்க வாசிக்கயில ரெண்டாவதுலதான் பாதை வந்துச்சு. என் காதால கேட்டேன். அது எப்படி” என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா, எனக்கு அது தாங்கவில்லை. கேள்வி கேட்டவருக்குக் காலையிலிருந்து தலைச்சுமை. பதில் எனக்குத் தெரியும். “அண்ணாச்சி தாளப் பாக்கல. மனசுல இருந்தத வாசிச்சாரு. எனக்கும் போன வாரம் அப்படித்தான் நடந்துச்சு” என்று சொல்லிவிட்டேன்.

வெளியே இரண்டு பார்ட்டி நின்றுகொண்டிருந்தது. கேட்டிருக்கும்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “எந்திரில” என்றார். லேப்டாப்பை எடுக்கப் போனேன். “அது கெடக்கட்டும். நீ எந்திரி.” எழுந்து வந்துவிட்டேன்.

நான் சொன்னது பொய் இல்லை.

லிங்கேஷ்


திருப்பூர்
20 ஜூலை 2025

லிங்கேஷ்,

பொய் இல்லைதான். அவர் வாயைத் திறக்கப்போன நேரத்தில் நீ திறந்துவிட்டாய். கண்ணாடியைத் துடைக்கிற அளவுக்காவது அவரை விட்டிருக்கலாம். அது உன்னால் முடியாது.

அந்த ஆபீஸில் மூன்று வருஷம் நான் சேர்த்து வைத்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. இனிமேல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த வாசலும் அந்த ஆட்களும்தான் ஞாபகம் வரும்.

எழுதாதே.

பொன்செல்வி


சங்கரன்கோவில்
28 ஜூலை 2025

அக்கா,

எழுதாதே என்றாய். இரண்டு தகவல் மட்டும்.

தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. ஊரெல்லாம் கூட்டம், ரதவீதிப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. தபசு முடிந்து திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

அண்ணாச்சி ஒரு வாரமாக மேசை போடவில்லை. லேப்டாப்பைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். என்னைத் தாண்டிப் போய், விற்றவர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். கையில் அந்தப் பத்திர நகல் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பும் வரை நான் அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

லிங்கேஷ்


திருப்பூர்
1 ஆகஸ்ட் 2025

தம்பி,

நேற்று அண்ணாச்சி போன் செய்தார். கம்பெனி கேண்டீனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

“வித்தவரு கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டாரும்மா” என்றார். எப்படி அண்ணாச்சி என்றேன். “அவரு வீட்டுக்குப் போயி, பிசகு எம்மேலன்னு சொன்னேன். அவரு சம்சாரம் காப்பி குடுத்தா. குடிச்சிட்டு மறுபடியும் சொன்னேன். அம்புட்டுதான்.” அப்புறம் கொஞ்ச நேரம் இருமினார். வேண்டுமென்றே இருமினார் என்று நினைக்கிறேன்.

“தபசு முடிஞ்சு திங்கக்கிழமை பிழைத்திருத்தல் போடணும். நீதான் வந்து அடிக்கணும். இன்னொண்ணு. இனிமே நான் வாசிக்கல. அடிக்கிறவளே வாசிக்கட்டும். நான் பார்ட்டிக கூட உக்காந்து கேக்கேன். எழுதுனவன் வாசிச்சா, மனசுல எழுதுனதத்தான் வாசிப்பான்.”

இசக்கிசெல்வி என்ன ஆவாள் என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் அவரே பேசிவிட்டாராம். பக்கத்து மேசைக்காரருக்கு ஆள் தேவையாம். அங்கே உட்கார்வாள்.

கடைசியாக, “ஒந்தம்பிய மட்டும் அங்கன கூட்டிட்டு வராத” என்றார். சரி அண்ணாச்சி என்றேன். எதிர்த்துப் பேசவில்லை. நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டேன். தப்பு என்றும் இன்றைக்கு எழுத முடியவில்லை.

தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் சொல்.

பொன்செல்வி


விருதுநகர் போகும் பஸ்
11 ஆகஸ்ட் 2025

அக்கா,

காலையில் நான் எழுந்திருக்கும் முன்னே நீ குளித்துக் கிளம்பிவிட்டாய். அதனால் இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி சொன்னபடி நான் அந்தப் பக்கம் வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பையோடு நின்றேன்.

நீ அடித்ததைப் பார்த்தேன். வேகமாக அடிக்கவில்லை. இரண்டு தடவை நிறுத்தி, குனிந்து, திரையில் எதையோ தேடினாய். பிறகு தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாய். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, விற்றவருக்கும் தங்கப்பழத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நீ வாசித்தது எனக்குக் கேட்கவில்லை, ரோட்டில் அவ்வளவு ஹாரன். ஒரு இடத்தில் அண்ணாச்சி கையைத் தூக்கினார். நீ நிறுத்தினாய். விரலை மேலே கொண்டுபோய் மறுபடி வாசித்தாய். விற்றவர் எட்டிப் பார்த்தார். தங்கப்பழத்தின் சம்சாரமும் எட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர் தலையாட்டிய பிறகுதான் அண்ணாச்சி கையை இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து என் பஸ் குறுக்கே வந்து நின்றது. கண்டக்டர், “ஏறுதீகளா இல்லையா வே” என்று கத்தினார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஏறவில்லை, போகச் சொல்லிவிட்டேன். அது நகர்ந்தபோது விற்றவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீ தாளை அசையாமல் பிடித்திருந்தாய்.

அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது. நின்றேன்.

லிங்கேஷ்